சுவரில் பெயர் எழுதும் ஊர்

அக்டோபர் 3ஆம் தேதி. காலை ஏழு மணி. நெதர்லாந்தின் லெய்டன் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் குளிரில் விறைத்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். வாத்தியக் குழு வாசிக்க, கூடியிருந்த ஊர்மக்கள் எல்லோரும் பாடினார்கள். என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஐந்து மாணவர்களும் முதல் நாள் இரவு முழுக்கத் தெருவில் ஆடிவிட்டு, படுக்காமலேயே வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கால்வாயோரம் இருக்கும் பழைய எடைமண்டபத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே வரிசை. கையில் ஒரு வெள்ளை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் கொடுத்தார்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. மீன் எனக்குப் புதிதல்ல. ஆனால் அடுப்பையே பார்க்காமல் உப்பில் மட்டும் ஊறிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து தின்ன வேண்டும் என்றதும் தயங்கினேன். “தின்னு, இது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய சாப்பாடு” என்றாள் மாடி அறையில் இருந்த மருத்துவ மாணவி. அவள் சொன்னதன் முழுப் பொருள் புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. புரிந்த பிறகு, அந்த ஊரில் மாணவர்கள் போடும் ஆட்டபாட்டத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது.

1574ஆம் ஆண்டு மே 26 அன்று ஸ்பெயின் அரசரின் படை லெய்டனை இரண்டாம் முறையாக முற்றுகையிட்டது. முதல் முற்றுகை அந்த ஆண்டு மார்ச்சில்தான் விலகியிருந்தது. இடையில் கிடைத்த இரண்டு மாதத்தில் நகரத்தார் தானியம் சேர்த்து வைக்கவில்லை. பதினெட்டாயிரம் பேர் அளவில் இருந்த ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள். பசியைவிடப் பிளேக் அதிகம் பேரைக் கொண்டுபோனது. மேயர் வான் டெர் வெர்ஃப், சரணடையச் சொல்லிக் கூச்சலிட்டவர்களிடம் தன் கையை நீட்டி, வேண்டுமானால் இதை வெட்டித் தின்னுங்கள் என்றதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, அந்தக் கோடையின் பசி மெய்.

கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலம் அது. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்தவர்களின் தலைவரான ஓரஞ்சு இளவரசர் வில்லியமின் ஆட்கள் கரைகளை வெட்டி வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் வந்து ஊரை மீட்பது திட்டம். தண்ணீர் போதவில்லை, படகுகள் சேற்றில் தட்டி வாரக்கணக்கில் நின்றன. அக்டோபர் தொடக்கத்தில்தான் காற்று திசை மாறிப் புயலாக வீசி, கடலை உள்ளே தள்ளியது. 2ஆம் தேதி இரவோடு இரவாக ஸ்பானியர்கள் ஓடினார்கள். மறுநாள் காலை தளபதி புவாசோவின் படகுகள் கால்வாய்களில் நுழைந்தபோது, அவற்றில் இருந்தது ரொட்டியும் ஹெர்ரிங் மீனும். எதிரி விட்டுப்போன கொத்தளத்தில் ஒரு சிறுவன் கண்டெடுத்த பானையில் கிழங்கும் காய்கறியும் இறைச்சியும் கலந்த கூட்டு இருந்ததாம். ஹுட்ஸ்பாட் என்று அதை இன்றும் அந்த நாளில் வீட்டுக்கு வீடு ஆக்குகிறார்கள். இப்போது கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கை வேகவைத்து மசிக்கிறார்கள். உருளைக்கிழங்கு அன்று அந்தப் பானையில் இருந்திருக்காது.

அந்த உறுதிக்குப் பரிசாகத்தான் லெய்டனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று இளவரசர் கேட்டதாகவும், ஊரார் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொல்வார்கள். அதற்கு ஆவணம் இல்லை. ஆவணம் உள்ள செய்தி அதைவிட வியப்பானது: 1575 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்ட சாசனம், எந்த அரசரை எதிர்த்துப் போரிட்டார்களோ அதே இரண்டாம் பிலிப்பின் பெயரால் எழுதப்பட்டது. சட்டப்படி அவர்தான் இன்னும் அரசர். 1575 பிப்ரவரி 8 அன்று ஊர்வலம் போய்ப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்தார்கள். புதிய நாட்டுக்குப் போதகர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் வேண்டியிருந்தார்கள். அதுதான் அவசரத்துக்குக் காரணம். ஆனால் முதல் சில ஆண்டுகளில் மாணவர் வரவு மிகக் குறைவு. இறந்தவர்களைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாத ஊரில், இன்னும் வராத பிள்ளைகளுக்காகப் பள்ளி கட்டியிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிள்ளைகளை எப்படி வரவழைத்தார்கள் என்பது இன்னொரு சுவையான கதை. முதலில் சலுகை. பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் எழுதிய மாணவர் குடிக்கும் பீருக்கும் வைனுக்கும் குறிப்பிட்ட அளவுவரை வரி கிடையாது. நகரக் காவல் பணிக்குப் போக வேண்டாம். குற்றம் செய்தால் ஊர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ரெக்டர் தலைமையில் பல்கலைக்கழகத்துக்கே தனி நீதிமன்றம் இருந்தது, அதில் நகரத்தாரும் உட்கார்ந்தார்கள். இந்தச் சலுகைகளுக்காகவே, படிக்கிற வயதைத் தாண்டியவர்களும் பெயரைப் பதிந்துகொண்டார்கள். 1620ஆம் ஆண்டுப் பதிவேட்டில், ஊரின் ஆலைக்காரர் ஒருவருடைய 14 வயது மகனின் பெயர் இருக்கிறது: ரெம்பிராண்ட். அந்தப் பையன் வகுப்புக்குப் போனதைவிடத் தூரிகை பிடித்த நேரமே அதிகமாக இருக்கும். பத்தாண்டு கழித்து அதே பதிவேட்டில் தத்துவஞானி டெக்கார்ட் கணிதம் படிக்க வந்தவராகக் கையெழுத்திட்டிருக்கிறார்.

அடுத்தது பேராசிரியர்கள். 1593இல் ஜோசப் ஸ்கேலிகர் என்ற பேரறிஞரைப் பிரான்சிலிருந்து அழைத்து வந்தார்கள். வகுப்பு எடுக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை; ஊரில் இருந்தால் போதும். அதே ஆண்டு வந்த தாவரவியலாளர் குளூசியஸ், ராபன்பர்க் கால்வாயோரத்தில் பல்கலைக்கழகத் தோட்டத்தை நிறுவினார். டச்சு நாட்டின் தூலிப் கதையில் அந்தச் சின்னத் தோட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1601இல் நட்ட மரம் ஒன்று இன்றும் அங்கே மஞ்சளாய்ப் பூக்கிறது. நம் சரக்கொன்றையை நினைவுபடுத்தும் பூ. முதல் ஆண்டு மே மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுதும் நான் யாரோடும் பேசவில்லை. பழைய தேவாலயமொன்றில் உடற்கூறு அரங்கு அமைத்தார்கள். பிணம் கெடாத குளிர்காலத்தில் அறுத்துக் காட்டுவார்கள். மாணவர்களோடு ஊர்மக்களும் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள்.

ஆக, பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் ஹங்கேரியரும் வந்து குவிந்தார்கள். அவர்கள் எங்கே தங்கினார்கள்? ஆக்ஸ்ஃபோர்டைப் போலக் கல்லூரி மதில்களுக்குள் அடைபடவில்லை. ஊர்க்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். லெய்டன் மாணவர் வாழ்க்கையின் உயிர்நாடி இதுதான் என்பது என் எண்ணம். துணி நெய்பவரும் ரொட்டி சுடுபவரும் விதவைகளும் மாடி அறையை விட்டு வாழ்ந்தார்கள். வாடகைக்கு இடம் தரும் அம்மாளுக்கு ‘ஹாஸ்பிடா’ என்று பெயர். நள்ளிரவுக் கூச்சல், பாக்கி வாடகை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் அந்த அம்மாள்தான் தாங்கினாள். சண்டையும் இருந்தது. தெருக்காவலர்களுக்கும் மாணவர்களுக்கும் இரவில் அடிதடி நடந்தது. சொந்த ஊர்வாரியாக மாணவர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவனைக் காசு கேட்டும் குடிக்க வைத்தும் வதைத்தார்கள். அதிகாரிகள் அந்தச் சங்கங்களைத் தடை செய்தார்கள். ஆனால் ‘பச்சை’யாக வந்தவனைப் பழுக்கவைப்பது என்ற பெயரில் அந்த வழக்கம் பின்னாளின் மாணவர் மன்றங்களிலும் தொடர்ந்தது. அதைக் குறும்பு என்று சொல்லிச் சிரிக்க என்னால் முடியவில்லை. ஒருவனை அவமானப்படுத்தித்தான் நண்பனாக்க முடியும் என்றால் அந்த நட்பு வேண்டாம்.

மற்றபடி மன்றங்கள் தந்த மகிழ்ச்சி பெரிது. 1814ஐத் தன் பிறப்பாண்டாகச் சொல்லும் மினர்வா மன்றம் அவற்றில் மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பல்கலைக்கழகத்தின் பிறந்தநாளை ஒட்டி மாணவர்கள் வேடம் பூண்டு ஊர்வலம் போனார்கள். பழைய காலத்து அரசர் ஒருவர் நகரத்துக்குள் நுழைந்த காட்சியை, குதிரை, கொடி, கவசம் எதுவும் குறையாமல் நடித்துக் காட்டுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து வீதியோரம் நிற்கும். பெண்களுக்கு அந்த மன்றத்தில் இடம் இல்லை. அவர்கள் 1900இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1970களில்தான் இரண்டும் ஒன்றாயின.

நான் போனது 2006 ஆகஸ்டில். வந்த முதல் வாரம் புதியவர்களுக்கான வரவேற்பு வாரம். ஊரே எங்களுக்காகத் திறந்து கிடந்தது: பாட்டு, படகு, பூங்காவில் கூட்டுச் சாப்பாடு. எல்லாம் இருந்தது, அறைதான் இல்லை. அங்கே மாணவர் வீடுகளில் அறை காலியானால், குடியிருப்பவர்கள் ஒரு மாலையில் பத்துப் பதினைந்து பேரை வரவழைத்து, பேசிப் பார்த்து, யார் வேண்டும் என்று வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். அந்தச் சடங்கின் பெயரிலும் பழைய ஹாஸ்பிடா அம்மாள் ஒளிந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் நான்கு வீடுகளில் உட்கார்ந்தேன், நான்கும் கைவிட்டன. ஐந்தாம் வீட்டில் “உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?” என்று கேட்டார்கள். சாம்பார் என்றேன். என்னவென்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. அறை கிடைத்தது.

ஆறு பேர் வீடு. வாரத்தில் ஒரு நாள் ஒருவர் சமைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. யார் சாப்பிட வருகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். செவ்வாய்க்கிழமை என் முறை. அறுபது யூரோவுக்கு வாங்கிய பழைய சைக்கிளில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவேன். கால்வாய் பாலத்தின் மேல் எதிர்க்காற்று அடிக்கும்போது இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி மிதித்துக்கொண்டே போவார். வியாழன் இரவு மாணவர்கள் வெளியே போகும் இரவு. நானும் போனேன். பழுப்பு மரப்பலகை வேய்ந்த சின்னக் கஃபேக்களில், ஒரு மூலையில் இறையியல், மறு மூலையில் கால்பந்து என்று பேச்சு நள்ளிரவைத் தாண்டும். என் படிப்பில் பாதி அங்கேதான் நடந்தது.

நாகப்பட்டினத்துப் பெண் அங்கே வரலாறு படிக்கப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக் கம்பெனி பிடித்தது, 1781வரை வைத்திருந்தது. அதே 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அங்கே போதகராக இருந்தவர் ஃபிலிப்பஸ் பால்டேயஸ். அவர் இறையியல் படித்தது லெய்டனில். 1672இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் பற்றி எழுதியதோடு, தமிழ் எழுத்துகளையும் அச்சிட்டுக் காட்டினார். அவரும் என்னைப்போல ராபன்பர்க் கரையில் நடந்து வகுப்புக்குப் போயிருப்பார் என்று நினைக்கையில் ஒரு நெருக்கம் தோன்றும். அவர் கைப்பற்றியவர்களோடு வந்தவர் என்பதை அந்த நெருக்கத்தில் நான் மறந்ததில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் அப்போது ஆனைமங்கலச் செப்பேடுகள் இருந்தன. லெய்டன் செப்பேடுகள் என்று நம் பாடநூல்கள் சொல்பவை. கடாரத்து அரசர் எடுப்பித்த நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்த செய்தி, இராசேந்திரன் காலத்தில் 21 ஏடுகளில் வெட்டப்பட்டு, முத்திரையிட்ட வளையத்தில் கோக்கப்பட்டது. முப்பது கிலோ அளவு எடை. குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடு மூன்று ஏடு. நூலகர் ஒரு மெத்தைமேல் அவற்றை வைத்துவிட்டு நகர்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்து வயல்களின் எல்லைகள், வாய்க்கால்கள், பெயர்கள். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து அவற்றை முதன்முதலாகப் படித்தேன். கண்ணீர் வந்தது. எங்கள் ஊர் ஏடு எங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று அன்றே என் குறிப்பேட்டில் எழுதினேன். இன்றும் அதுவே என் கருத்து.

ஊரின் இன்னொரு காயத்தையும் சொல்ல வேண்டும். 1807 ஜனவரி 12 அன்று, வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று கால்வாயில் கட்டிக்கிடந்தபோது வெடித்தது. நூற்றைம்பது பேர் அளவில் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் மண்ணாயின. அந்த வெற்றிடத்தை ஊரார் நெடுங்காலம் ‘இடிபாடு’ என்றே அழைத்தார்கள். ஒரு பக்கம் பூங்காவானது. மறுபக்கம் ஆய்வுக்கூடம் எழுந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில்தான் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். 1911இல் மீகடத்தலைக் கண்டுபிடித்தார். கருவிகள் செய்ய அவர் ஊர்ப் பையன்களுக்குப் பள்ளி வைத்துப் பயிற்சி தந்தார். நீல மேலங்கி அணிந்ததால் நீலப் பையன்கள் என்று அவர்களுக்குப் பெயர். லெய்டனின் இயற்பியல் புகழில் அந்தக் கண்ணாடி ஊதும் பையன்களின் பங்கை மறைக்கக் கூடாது. பிறகு வந்த பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் நடத்திய மாலைக் கூட்டங்களில் பேச வரும் விருந்தினர்கள் சுவரில் கையெழுத்திட்டார்கள், ஐன்ஸ்டைனும் இட்டார். அந்த ஆய்வுக்கூடக் கட்டடம் இப்போது சட்டப் புலத்தினுடையது.

சட்டப் புலம் என்றதும் 1940 வந்துவிடுகிறது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் யூதப் பேராசிரியர்களைப் பணிநீக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் மெய்யர்ஸ், அந்த நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞர். நவம்பர் 26 அன்று காலை அவருடைய வகுப்பு நேரத்தில், அவருடைய மாணவரும் புலத்தலைவருமான கிளெவரிங்கா பேரரங்கின் மேடையில் ஏறினார். கைதாவோம் என்று தெரிந்து வீட்டில் பெட்டி கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். பணிநீக்கக் கடிதத்தைப் படித்தார். பிறகு வசைமொழி ஒன்றுகூட இல்லாமல், மெய்யர்ஸ் என்ன எழுதினார், என்ன கற்பித்தார், எத்தகைய மனிதர் என்று மட்டும் பேசினார். முடித்ததும் மாணவர்கள் எழுந்து நாட்டுப்பண் பாடினார்கள். இரவோடு இரவாக உரையைத் தட்டச்சில் படியெடுத்து மற்ற ஊர்களுக்கு அனுப்பினார்கள். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். மறுநாள் ஜெர்மானியர் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். கிளெவரிங்கா மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். மெய்யர்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். 1947இல் நாட்டின் புதிய உரிமையியல் சட்டத்தை வரையும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது.

பாடியவர்கள் யார்? வியாழன் இரவுகளில் கூச்சலிட்டவர்கள், ஹாஸ்பிடாவுக்கு வாடகை பாக்கி வைத்தவர்கள். சேர்ந்து சாப்பிட்டும் சேர்ந்து பாடியும் பழகியிருந்ததால்தான் ஒரே நாளில் சேர்ந்து வெளிநடப்புச் செய்ய அவர்களால் முடிந்தது என்று நம்புகிறேன். மாணவப் பருவத்துக் கொண்டாட்டத்தை வீண்பொழுது என்று எங்கள் கல்லூரிகளில் யாராவது சொல்லும்போது, நான் இந்த நவம்பர் காலையைத்தான் சொல்கிறேன்.

2008 ஜூனில் என் ஆய்வேட்டுத் தேர்வு முடிந்தது. ராபன்பர்க் கரையில், பழைய கன்னியர் மடத்துத் தேவாலயத்தில், 1581 முதல் இயங்கும் தலைமைக் கட்டடம். மாடிக்குப் போகும் சுழல்படியோரச் சுவரில் மாணவர் வாழ்க்கையின் நல்லதும் கெட்டதும் கரிக்கோட்டுச் சித்திரமாக இருக்கும். 1865இல் விக்டர் டெ ஸ்டூர்ஸ் தீட்டியவை. மேலே ஒரு சின்ன அறை. முடிவுக்குக் காத்திருப்பவர்கள் வியர்த்து வழிவதால் வியர்வை அறை என்று பெயர். சுவர் முழுக்கக் கையெழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக. நெதர்லாந்தின் முன்னாள் அரசியின் கையெழுத்து உண்டு, சர்ச்சிலுடையது உண்டு, மண்டேலாவுடையது உண்டு. அவர்களுக்கு நடுவில், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர். தேறியவர் எவரும் எழுதலாம்.

என் வீட்டுத் தோழர்கள் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். மாடி அறைக்காரி பேனா கொடுத்தாள். ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. குனிந்து உட்கார்ந்து தமிழில் எழுதினேன்: என் பெயர், என் ஊர் நாகப்பட்டினம். “என்ன எழுதியிருக்கிறாய், படி” என்றார்கள். படித்தேன்.

இந்த ஊருக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்மவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் அடைந்துகொள்ளாதீர்கள். செவ்வாய்க்கிழமைச் சமையல் முறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அக்டோபர் 3 காலை மீன் வரிசையில் நில்லுங்கள். தேர்வு முடிந்ததும் வியர்வை அறைக்குப் போய், ஜன்னலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பக்கத்தில் உங்கள் பெயரையும் தமிழிலேயே எழுதிவிட்டு வாருங்கள்.